நெருக்கடியில் குறுகும் பார்வையை விரித்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

கடன், தேர்வு, நோய், வேலை இழப்பு, குடும்பப் பூசல் என்று எந்த வடிவில் நெருக்கடி வந்தாலும், அதில் அகப்பட்டவரின் வாயிலிருந்து முதலில் வரும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன: “வேற வழியே இல்ல.” அதைக் கேட்டதும் வழிகளைப் பற்றிப் பேசத் தொடங்குவது நமது வழக்கம். ஆனால் வழிகளைப் பற்றிப் பேசும் முன், சொல்பவரின் பார்வை அப்போது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பதே முறை. மன அழுத்தம் மிகுந்த வேளையில் சிந்தனையின் அகலம் குறைகிறது. அந்த நிலையில் எவ்வளவு நேரம் கூடுதலாக யோசித்தாலும் அதே இரண்டு மூன்று எண்ணங்களே திரும்பத் திரும்ப வரும். ஆகவே புதிய கோணத்தை மனத்துக்குள்ளேயே துழாவிக்கொண்டிருப்பதைக் காட்டிலும், உடலைத் தணித்து, காகிதத்தின் துணையோடும் பிறர் துணையோடும் அதை வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதே பலன் தரும். இதற்கு முன் இப்படி முறைவைத்துச் செய்து பழகாதவர்களுக்காக, அதைச் செய்யும் விதத்தை இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

விளக்கத்துக்கு வசதியாக, கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்) வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆனி மழை பிடித்துக்கொண்டது. வெட்டுப் பட்டையில் மழைநீர் படாமல் தடுக்கும் மழைக்காப்பை மரங்களில் ஒட்டாததால் பால் வெட்டு நின்றுபோய்விட்டது. வங்கித் தவணை 18,000 ரூபாயும், கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளின் கட்டணம் 60,000 ரூபாயும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. “விளைய விக்கணும், இல்லேன்னா வட்டிக்கு எடுக்கணும்” என்பதைத் தவிர அவருக்கு எதுவும் தோன்றவில்லை. மூன்று இரவுகளாகத் தூக்கமும் இல்லை. இவர் கற்பனை மனிதர்தான் என்றாலும், கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இவரைப் போன்ற ஒருவரை அறியாதவர் இருக்க மாட்டார்கள்.

சிந்தனை குறுகுவதன் காரணம்

இதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் புரியாதவர் தம்மைத் தாமே முட்டாள் என்று திட்டிக்கொள்வார், அதனால் அழுத்தம் இன்னும் கூடும். ஆபத்து என்று மூளை உணரும்போது நார்அட்ரினலின், டோபமின் போன்ற வேதிப்பொருட்கள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அப்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும், திட்டமிடுவதற்கும் பல செய்திகளை ஒருசேர மனத்தில் வைத்து ஒப்பிடுவதற்கும் உரிய முன்மூளைப் பகுதியின் செயல்பாடு தளர்கிறது. பழகிய பழக்கங்களும் அச்சமும் நடத்தையைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. பாம்பைக் கண்டு பின்வாங்குவதற்கு இந்த ஏற்பாடு மிக நல்லது. தவணைக் கணக்குப் பார்ப்பதற்கு இது உதவாது. பதற்றம் கூடக்கூட ஒருவர் கவனிக்கும் குறிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது என்று ஈஸ்டர்புரூக் என்ற உளவியலாளர் 1959-இலேயே எழுதினார்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கை வறண்டிருந்த காலத்திலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் சோதித்து, முடிவுகளை 2013-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டனர். மனிதர்கள் அதே மனிதர்கள். ஆனால் பணமுடை இருந்தபோது அவர்கள் சிந்தனைத் தேர்வுகளில் பெற்ற மதிப்பெண் குறைவாகவும், பணம் வந்தபின் கூடுதலாகவும் இருந்தது. சிக்கலின் நடுவில் இருப்பவருக்கு அறிவுரை சொல்லும் ஒவ்வொருவரும் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், “உனக்குப் புத்தி எங்கே போச்சு” என்று கேட்க மனம் வராது.

முதல் படி: குறுகியிருப்பதை அடையாளம் காணுதல்

பார்வை குறுகியிருப்பவருக்கு அது குறுகியிருப்பது தெரியாது என்பதே இதிலுள்ள பெரிய இடர். எனவே உணர்வை நம்பாமல் அடையாளங்களை நம்ப வேண்டும். தெரிவுகள் இரண்டாகவோ ஒன்றாகவோ சுருங்கியிருப்பது முதல் அடையாளம். “எப்பவும் இப்படித்தான்”, “ஒருத்தரும் உதவ மாட்டாங்க” என்று முழுமையாக மூடிவிடும் சொற்கள் பேச்சில் மிகுவது இரண்டாவது. அடுத்த வாரத்துக்கு அப்பால் எதையும் நினைக்க முடியாமல் போவது, ஒரே வாக்கியம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருப்பது, பிள்ளைகள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விக்கும் எரிந்து விழுவது ஆகியவையும் அடையாளங்களே. ஒவ்வொருவருக்கும் இவை சற்று மாறுபடும். சிலர் பேச்சைக் குறைப்பார்கள். சிலர் ஓயாமல் வேலை செய்வார்கள். சிலர் நாள் முழுக்கக் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைப்பது நல்லது. “நான் இப்படிப் பேச ஆரம்பித்தால் என்னிடம் சொல்” என்று மனைவியிடமோ கணவரிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ சொல்லி வைத்தால், நாம் பார்க்கத் தவறுவதை அவர்கள் பார்த்துவிடுவார்கள். அப்படி அவர்கள் சொல்லும்போது கோபித்துக்கொள்ளாமல் இருப்பது நமது பொறுப்பு.

இரண்டாம் படி: உடலைத் தணித்தல்

முன்மூளை மீண்டும் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால், ஆபத்து கழிந்தது என்ற செய்தி முதலில் உடலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு எளிய வழி மூச்சு. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விட வேண்டும். இப்படி ஐந்து நிமிடங்கள் செய்தால் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிடலாம். அதோடு ஒரு வேளை ஒழுங்கான சாப்பாடும் ஓர் இரவுத் தூக்கமும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கட்டன் சாயாவை (பால் சேர்க்காத தேநீரை) குடித்துக் குடித்து நள்ளிரவில் கணக்குப் பார்ப்பவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அந்நேரத்துக் கணக்கில் கூட்டல் சரியாக இருந்தாலும் முடிவு சரியாக இருப்பது அரிது. மதுவை நாடுவதைப் பற்றித் தயக்கமில்லாமல் சொல்ல வேண்டும்: அது அன்றிரவுப் பதற்றத்தை மறைத்து, தூக்கத்தின் தரத்தைக் கெடுத்து, மறுநாள் பார்வையை இன்னும் குறுக்கும்.

நடப்பதும் இந்தப் படியில் சேரும். உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடந்தபோது கூடுதலான புது எண்ணங்கள் தோன்றின என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுபொறியில் நடந்தவர்களுக்கும் அப்படியே நிகழ்ந்தது. எனவே அழகான இடம் கட்டாயமில்லை என்றாலும், தோவாளைச் சானல் கரையும், சொத்தவிளைக் கடற்கரையும், வட்டக்கோட்டை மதிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பானேன்? மழைக்காலத்தில் அலை சீறும் என்பதால் தண்ணீரிலிருந்து விலகியே நடக்க வேண்டும். நடக்கும்போது சிக்கலைத் தீர்க்க முயல வேண்டாம். முடிந்தால் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

இந்த இடைவெளிக்கு நேரம் இருக்கிறதா என்ற கேள்வி எழும். நெஞ்சுவலி, தீ, கடலில் இருப்பவருக்கு வந்த புயல் எச்சரிக்கை போன்றவற்றில் இந்தக் கட்டுரையின் எந்தப் படியும் வேண்டாம். உடனே செயல்பட வேண்டும். மற்றவற்றில் உண்மையான கெடு எது என்று பார்க்க வேண்டும். நமது ரப்பர் விவசாயிக்கு வங்கித் தவணையின் கெடு மாதக் கடைசி. கட்டணத்தின் கெடு இன்னும் மூன்று வாரம். ஆனால் அவரது மனம் எல்லாவற்றுக்கும் நாளைக் காலையைக் கெடுவாக வைத்திருக்கிறது. தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் இருக்கும் பெண் எல்லா முடிவையும் அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று தவித்துப்போவதுண்டு. எது நாளைக்குள், எது கணவர் வந்த பிறகு என்று தேதி போட்டுப் பிரித்தாலே அவரது சுமையில் ஒரு பகுதி இறங்கிவிடும்.

மூன்றாம் படி: காகிதத்தில் இறக்குதல்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதியில் நடந்ததை மட்டும், ஒரு காவல் நிலையப் புகார் போல, தேதியோடும் தொகையோடும் எழுத வேண்டும்: “ஆனி 5 முதல் வெட்டு நின்றது. தவணை 18,000. கட்டணம் 60,000. கையில் 9,000.” இரண்டாம் பகுதியில் அதற்கு நாம் கொடுத்துக்கொண்ட பொருளை எழுத வேண்டும்: “நான் தோற்றுப்போனேன். ஊரில் மானம் போய்விடும். மகள் படிப்பு நின்றுவிடும்.” மூன்றாம் பகுதிக்கு நாம் சோதித்துப் பார்க்காமல் உண்மை என்று எடுத்துக்கொண்டவை வர வேண்டும்: “வங்கி ஒரு நாள்கூடப் பொறுக்காது. கல்லூரி முழுத் தொகையையும் ஒரே தவணையில்தான் வாங்கும். மகளிடம் சொன்னால் அவள் நொறுங்கிப்போவாள்.” பெரும்பாலான நேரங்களில் புதிய வழி இந்த மூன்றாம் பகுதியில்தான் ஒளிந்திருக்கும். அங்கே எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை யாரிடம் கேட்டால் உண்மை தெரியும் என்று ஒரு பெயரை எழுதுவதோடு இந்தப் பயிற்சி முடிகிறது.

மனம் மிகவும் புண்பட்டிருந்தால், கணக்குக்கு முன் உணர்வையே கொட்டி எழுதலாம். நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாட்கள், இலக்கணமும் கையெழுத்தும் பாராமல் எழுதும் முறையை ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார். பின்னர் பல நாடுகளில் பலர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை; கிழித்தும் போடலாம்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. “நான்” என்ற சொல்லை விட்டுவிட்டு, நமது பெயரையே சொல்லி, வேறொருவரின் சிக்கலைப் போல எழுதுவது. அடுத்தவர் சிக்கலுக்குத் தெளிவாக வழி சொல்லும் நாம், நமது சிக்கலில் தடுமாறுகிறோம். தன் சிக்கலையே சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் செய்தால் அந்த வேறுபாடு மறைகிறது என்று இகோர் குரோஸ்மனும் ஈதன் கிராஸும் 2014-இல் காட்டினார்கள். நமது விவசாயி தம் தம்பிக்கு இதே நிலை வந்ததாக எண்ணி அவனுக்கு ஒரு கடிதம் எழுதலாம். தம்பியிடம் “விளைய வித்துரு” என்று அவர் முதல் வரியிலேயே எழுதிவிடுவாரா என்று யோசித்தால் இதன் பயன் விளங்கும்.

நான்காம் படி: கேள்வியைத் திருத்துதல்

“விற்பதா, வட்டிக்கு வாங்குவதா” என்பது தவறாக அமைந்த கேள்வி. அது எவ்வளவு முயன்றாலும் இரண்டு விடைகளைத்தான் தரும். “மாதக் கடைசிக்குள் எவ்வளவு பணம் உண்மையாகவே தேவை, மீதியை எந்தத் தேதிக்குத் தள்ள முடியும், மழை முடிந்து வெட்டு தொடங்கும் வரை குடும்பத்தை எப்படி ஓட்டுவது” என்று கேட்டால் விடைகள் பெருகும். ஐந்து வழிகள் காகிதத்தில் வரும் வரை எதையும் நல்லது கெட்டது என்று தரம் பிரிக்கக் கூடாது. நான்காவதும் ஐந்தாவதும் அபத்தமாக இருந்தாலும் எழுதிவிட வேண்டும். வழி வரவில்லை என்றால், மனம் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வழிகளும் நாளை முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டதாக எண்ணிக்கொண்டு மீண்டும் முயலலாம்.

பழகிய வழி எவ்வளவு வலுவாகக் கண்ணை மறைக்கும் என்பதற்கு ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட தண்ணீர்ப் பாத்திரச் சோதனை நல்ல சான்று. 21, 127, 3 அளவுள்ள மூன்று பாத்திரங்களைக் கொண்டு 100 அளவு நீரை எடுக்க வேண்டும். பெரிய பாத்திரத்திலிருந்து முதலாவதை ஒரு முறையும் மூன்றாவதை இரு முறையும் கழித்தால் விடை வரும். இதே முறையில் தீரும் கணக்குகள் சிலவற்றைப் போட்டுப் பழகியவர்களிடம், 23, 49, 3 என்ற பாத்திரங்களால் 20 அளவு எடுக்கச் சொன்னபோது, பெரும்பாலோர் அதே நீண்ட வழியிலேயே போனார்கள். 23-இலிருந்து 3-ஐக் கழித்தால் போதும் என்பது அவர்களுக்குப் படவில்லை. பழகாமல் புதிதாக வந்தவர்களுக்கு அது எளிதில் பட்டது. இந்தச் சோதனையை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்துபார்க்கலாம். சிக்கலைப் பற்றி ஒன்றும் தெரியாதவரின் சொல்லுக்கும் ஒரு மதிப்பு இருப்பதன் காரணம் அப்போது புரியும்.

ஐந்தாம் படி: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

இந்த வழிகாட்டியில் மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டிய பகுதி இதுவே. கன்னியாகுமரி மாவட்டம் பரப்பில் சிறியது. ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கின்றன. யாருக்கு எவ்வளவு கடன், எந்த வீட்டில் என்ன பேச்சு என்பது சாயாக்கடையில் காலையில் தொடங்கி மாலைக்குள் அடுத்த ஊரை எட்டிவிடும். அந்த அச்சத்தாலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. அச்சம் நியாயமானது; ஆனால் அதற்குத் தீர்வு யாரிடமும் சொல்லாமல் இருப்பதன்று, ஆளைத் தேர்ந்து சொல்வதே.

நான்கு வகை மனிதர்களைத் தேட வேண்டும். முதலாமவர், அந்தத் துறையின் நடைமுறை அறிந்தவர்: வங்கி மேலாளர், கூட்டுறவுச் சங்கச் செயலர், கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர், ரப்பர் வாரியத்தின் கள அலுவலர். மூன்றாம் பகுதியில் எழுதிய ஊகங்களில் பலவற்றை இவர்கள் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிடுவார்கள். எடுத்துக்காட்டாக, வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் சென்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடப்பில் உள்ளது. விளையை விற்கத் துணிந்தவருக்கு இவை தெரியாமல் இருப்பது வியப்பன்று. பதற்றத்தில் இருப்பவர் கேட்கவே போவதில்லை.

இரண்டாமவர், இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர். அவரிடம் “என்ன செய்தீர்கள்” என்று கேட்பதைவிட “முதல் வாரம் என்ன செய்தீர்கள்” என்று கேட்பது கூடுதலாகப் பயன்படும். முடிவை எல்லோரும் சொல்வார்கள், தொடக்கத்தைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

மூன்றாமவர், வேறு தொழிலில் இருப்பவர். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவரை எண்ணிப்பாருங்கள். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் தை, மாசி, பங்குனியில் தளிர் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் மதுரம் என்ற இனிப்பு நீர் ஊறுகிறது. பால் வெட்டுபவருக்கு அது வெட்டு ஓய்ந்த, வருமானம் மெலிந்த காலம். தேன்பெட்டிகளை ரப்பர் விளைகளில் கொண்டுவந்து வைப்பவருக்கு ஆண்டின் பெரிய அறுவடைக் காலமே அதுதான். ஒரே மரத்தின் கீழ் நிற்கும் இருவரில் ஒருவருக்குப் பட்டை தெரிகிறது, மற்றவருக்குத் தளிர் தெரிகிறது. பொருளுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் பயன்பாடே அதன் மற்றப் பயன்பாடுகளை மறைத்துவிடுகிறது என்று கார்ல் டங்கர் 1945-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கியது இதைத்தான். மழைக்காலத் தவணைக்குத் தேன் உதவாது; ஆனால் அடுத்த ஆண்டு வெட்டு ஓயும் காலத்தை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்கு நமது விவசாயி தம் சொந்தத் தொழிலில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை என்பதை அந்தத் தேனீ வளர்ப்பவரோடு அரைமணி நேரம் பேசினால் அறியலாம்.

நான்காமவர், முடிவால் பாதிக்கப்படப்போகிறவர். இவரையே நாம் பெரும்பாலும் கடைசியாகக் கேட்கிறோம், அல்லது கேட்பதே இல்லை. மகளின் கட்டணத்துக்காக விளையை விற்க நினைப்பவர் மகளிடம் பேசியிருக்க வேண்டும். கல்லூரியில் தவணையாகக் கட்ட விண்ணப்பம் கொடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் பல ஆண்டுகள் கணக்கு எழுதிய மனைவிக்குக் கடன் தவணைகளைப் பற்றி அவரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். பிள்ளைகளையும் பெண்களையும் பாதுகாப்பதாக எண்ணி அவர்களிடம் மறைப்பது, வீட்டில் இருக்கும் மிக நல்ல யோசனைகளை நாமே பூட்டி வைப்பதாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்கக் கூடாதவர்களும் உண்டு. நமது முடிவால் லாபம் பெறுபவர்களான நிலத் தரகரும் வட்டிக்காரரும் தரும் யோசனை யோசனை ஆகாது. நம்மளவுக்கே பதறிப்போயிருப்பவர் நமது அச்சத்தை இரட்டிப்பாக்குவார். “எல்லாம் விதி” என்றும் “நல்லதே நினை, நல்லதே நடக்கும்” என்றும் மட்டும் சொல்பவர்கள் அன்பு மிக்கவர்களாக இருக்கலாம். அவர்களிடம் ஆறுதல் பெறலாம், கோணம் பெற முடியாது. உள்ளூரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தக்கலையில் இருப்பவர் நாகர்கோவிலில் ஒருவரையும், கடப்புறத்தில் (கடற்கரையில்) இருப்பவர் உள்நாட்டில் ஒருவரையும் தேடலாம். பழைய ஆசிரியர், பங்குத் தந்தை, அன்பியத்தில் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவில்) பழகிய மூத்த பெண்மணி, அய்யாவழி வழிபாட்டிடமான தாங்கலில் பணிவிடை செய்யும் பெரியவர், பள்ளிவாசல் ஜமாத்தில் மதிப்புள்ள ஒருவர் என்று, பேச்சைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் மனிதர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் அண்ணனோ மச்சானோ தொலைவில் இருப்பதாலேயே தெளிவாகப் பார்க்கக்கூடும். ஆனால் அவர் ஊரை விட்டுப் போனபோது இருந்த நிலவரத்தை வைத்துப் பேசக்கூடும் என்பதால், இன்றைய விலையையும் தொகையையும் அவருக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

கேட்கும் முறைக்கு வருவோம். நமது சாய்வை முன்கூட்டியே வெளிப்படுத்தினால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காகவாவது அதையே ஆதரிப்பார். ஆகவே முதலில் காகிதத்தின் முதல் பகுதியில் இருக்கும் செய்திகளை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு இப்படிக் கேட்கலாம்: “அண்ணே, என்ன செய்யணும்னு இப்பச் சொல்லாண்டாம். நான் எதப் பாக்காம விட்டிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க.” அடுத்து, “என் இடத்துல நீங்க இருந்தா நாளைக்குக் காலைல மொதல்ல யாரப் போய்ப் பாப்பீங்க?” என்று கேட்கலாம். மூன்றாவதாக, “நான் நெனைக்கது தப்புன்னா, அது எதுனால தப்பாயிருக்கும்?” என்று கேட்கலாம். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை வரும் வரை “ஆனா...” என்று தொடங்கி மறுப்புச் சொல்லாமல் இருப்பது கடினம், அழுத்தத்தில் இருப்பவர் எந்த யோசனையையும் ஏன் நடக்காது என்று நிரூபிக்க முயல்வார். அதைத் தடுக்க, சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கலாம். எழுதும் கை மறுக்கும் வாயைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும். ஒரே நேரத்தில் பலரைக் கூட்டி வைத்துக் கேட்பதைவிட ஒவ்வொருவராகக் கேட்பது நல்லது, ஏனென்றால் கூட்டத்தில் மூத்தவர் சொன்னதை மற்றவர்கள் ஆமோதிப்பதே நம் மரபு. மூன்று பேரிடம் கேட்டால் பெரும்பாலும் போதும். பத்துப் பேரிடம் கேட்பவர் புதிய கோணத்தைத் தேடவில்லை. தமக்குப் பிடித்த விடையைச் சொல்லும் ஆளைத் தேடுகிறார்.

ஆறாம் படி: சிறிதாகச் சோதித்தல்

கிடைத்த வழிகளைத் திரும்பப் பெறக்கூடியவை, திரும்பப் பெற முடியாதவை என்று பிரிக்க வேண்டும். விற்ற விளை திரும்பி வராது. தவணையைத் தள்ளிக் கேட்கும் விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் நட்டமில்லை. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கும் நகைக் கடன், தனியார் வட்டியைவிடக் குறைந்த செலவில் சில மாதங்களை வாங்கித் தரும். திரும்பப் பெறக்கூடியவற்றை முதலில் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி குறித்து, அந்தத் தேதியில் பலனைப் பார்க்க வேண்டும். பெரிய முடிவு எடுத்தே ஆக வேண்டுமானால், எடுப்பதற்கு முன் கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிப் பரப்பிய முறை ஒன்றைப் பயன்படுத்தலாம்: ஆறு மாதம் கழித்து இந்த முடிவு முற்றிலும் தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, தோற்றதன் காரணங்களை வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது. தோற்றுவிட்டது என்று முதலிலேயே வைத்துக்கொள்வதால், எதிர்த்துப் பேசத் தயங்கும் பிள்ளைகளும் தயங்காமல் எழுதுவார்கள்.

இந்தப் படிகள் போதாத நிலை

தூக்கமின்மையும் எதிலும் ஈடுபாடின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், நோட்டுப் புத்தகமும் நண்பரும் மட்டும் போதா. மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவதொன்றே வழி என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அந்த எண்ணம் பார்வைக் குறுக்கத்தின் மிகக் கடுமையான வடிவம் என்பதைத் தற்கொலையைப் பற்றித் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த எட்வின் ஷ்னைட்மன் விளக்கியிருக்கிறார். பார்வை விரியும்போது அது தளர்கிறது என்பதால், அந்த நேரத்தைப் பிறர் துணையோடு கடப்பது உயிரைக் காக்கும். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, நாள் முழுவதும் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம். நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால் அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

நெருக்கடி இல்லாத நாளில் செய்ய வேண்டியவை

எதையும் பதற்றத்தின் நடுவில் முதன்முறையாகச் செய்வது கடினம். ஆகவே இதை ஒரு சிறிய சிக்கலில் பழகிப் பார்ப்பது நல்லது: பக்கத்து வீட்டாரோடு வேலித் தகராறு, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற குழப்பம், பழைய இருசக்கர வண்டியைச் சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்வி போன்ற ஏதேனும் ஒன்று போதும். மூன்று பகுதிகளாக எழுதி, ஐந்து வழிகளைத் தேடி, ஒரே ஒருவரிடம் மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அதோடு ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். நமது பார்வை குறுகும்போது தோன்றும் அடையாளங்கள், நான்கு வகையிலும் நாம் கேட்கக்கூடிய மனிதர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், தவணைகளின் உண்மையான தேதிகள், 14416 என்ற எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கைப்பேசி கைதவறிப் போகும் நாளும் உண்டென்பதால் அது காகிதத்தில் இருப்பது நல்லது. ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் இருக்கும் அதே உறையில் வைத்துவிட்டு, அது அங்கே இருப்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ரப்பர் விளை வைத்திருப்பவர்கள் மழைக்காப்பு ஒட்டும் வைகாசியில், அந்தப் பக்கத்தை எடுத்து, மாறிய எண்களைத் திருத்தி, அந்த ஆண்டு புதிதாக அறிமுகமான வேறு தொழில்காரர் ஒருவரின் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.